மேடம், ஒரு நிமிஷம்

என்னைப் பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் நான் உடனே திரும்புவதில்லை. முதலில் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறேன். அவர் காதிலும் அது விழுந்திருந்தால் திரும்புகிறேன். இல்லையென்றால் என் பாட்டுக்கு நடக்கிறேன். இந்தப் பழக்கம் வந்து நான்கு வருஷம் ஆகிறது.

நான் உளவியல் படித்தவள். இருபது வருஷத்துக்கு மேல் கல்லூரியில் அதைக் கற்றுக்கொடுத்தேன். மாலை நேரங்களில் மனக்கஷ்டத்தோடு வருகிறவர்களைப் பார்த்தேன். கடைசியில் திருச்சிக்கு வெளியே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்து ஓய்வு பெற்றேன். மாலையில் பார்த்த அந்த வேலைக்கும் இந்தப் பதவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு மனிதரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவரைப் பற்றிய விவரங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அப்படியும், இது அவரைப் பற்றி இன்னொரு முறை வெளியில் சொல்வதுதான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

நான் பிறந்து வளர்ந்தது பாலக்கரையில். அப்பா சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். உளவியல் எடுக்கப்போகிறேன் என்று சொன்னபோது, "பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கற படிப்பா?" என்று கேட்டார்.

"இல்லப்பா, மனசைப் பத்தின படிப்பு."

"ரெண்டும் ஒண்ணுதானே" என்று சொல்லிவிட்டு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

வேலைக்குச் சேர்ந்த சில வருஷங்களில், தில்லை நகரில் ஒரு மனநல மருத்துவரின் கிளினிக்கில் எனக்கென்று ஒரு சின்ன அறை கிடைத்தது. கீழே மருந்துக் கடை, மாடியில் நாங்கள். மாத்திரை எழுதுவது டாக்டரின் வேலை. பேச வைப்பது என் வேலை. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சாரியில் இருந்த பஜ்ஜிக் கடையின் எண்ணெய் வாசனையும் டூவீலர் ஹாரனும் உள்ளே வரும். மூடினால் புழுங்கும். மூடித்தான் வைப்பேன். உள்ளே வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்னால் பார்ப்பது ஜன்னல் மூடியிருக்கிறதா என்பதைத்தான். முதல் நாள் எல்லோரிடமும் ஒன்றைச் சொல்வேன்: "இங்க நீங்க பேசறது இந்த அறையை விட்டு வெளிய போகாது." அதைச் சொன்னதும் சிலருடைய தோள்கள் தளர்ந்து இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

நான் சொல்லவந்த அந்த மனிதரை அங்கே இரண்டு நண்பர்கள் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மணப்பாறைப் பக்கம் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம், இயற்பியலில் ஆராய்ச்சி மாணவர். வயது இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். கன்னத்தில் விரல் பதிந்த தடம். பாலக்கரையில் நடு ரோட்டில் அப்படியே நின்றுவிட்டாராம். பின்னால் வந்த பஸ் பிரேக் போட்டு, டிரைவர் இறங்கி வந்து அறைந்த பிறகும் நகரவில்லையாம். நண்பர்கள் இதைச் சொல்லிவிட்டு வெளியே போனார்கள்.

வெகுநேரம் பேசாமல் இருந்தார். நானும் பேசவில்லை. அந்தக் காலத்தில் எனக்கு அது நன்றாக வரும்.

"யாரோ கூப்பிடறாங்க மேடம்" என்றார் கடைசியில்.

"யாருன்னு தெரியுதா?"

"எங்கப்பா."

அப்பா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதற்கு நாலு நாள் முன்னால்தான் அவர் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார். மணப்பாறை பஸ் ஸ்டாண்டில் பஸ் கிளம்பிவிட்டது. அப்பா கையில் ஒரு மஞ்சள் பையோடு பின்னாலேயே வேகமாக நடந்து வந்து, "தம்பி, கொஞ்சம் நில்லு" என்று கூப்பிட்டிருக்கிறார். இவர் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி, "அடுத்த வாரம் வரேம்ப்பா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அப்பா வயலில் மயங்கி விழுந்து இறந்துபோனார். அந்தப் பையில் என்ன இருந்தது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை.

"அதே குரல்தான் மேடம். 'தம்பி, கொஞ்சம் நில்லு'ன்னு. பின்னாடிதான் கேக்கும். திரும்பினா யாரும் இல்ல."

"கேட்டா என்ன பண்ணுவீங்க?"

"நிப்பேன். நின்னுட்டா அவர் வந்து சேந்துருவாருன்னு தோணுது."

இறந்தவரின் குரல் கேட்பது, துக்கத்தில் இருப்பவர்களுக்கு நேர்வதுதான். வெளியில் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் இவர் சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டிருந்தார். ஆய்வகத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தார். டாக்டர் சில மாதங்களுக்கு மாத்திரை கொடுத்தார். என்னிடம் வாரம் ஒரு முறை என்று பத்து மாதம் வந்தார். குரல் குறைந்தது, பிறகு நின்றது. கடைசி நாள் உட்கார்ந்ததுமே, "ஜன்னலைத் தொறந்துக்கலாமா மேடம், புழுக்கமா இருக்கு" என்று அவரே எழுந்து திறந்தார். ஒரு மணி நேரமும் ஹாரன் சத்தத்துக்கு நடுவில் சிரித்துப் பேசிவிட்டுப் போனார். அவருடைய குறிப்பு நோட்டில் 'முடிந்தது' என்று எழுதினேன். என் தொழிலில் அதைவிடச் சந்தோஷமாக எழுதும் வார்த்தை கிடையாது.

அதன் பிறகு என் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பியது. துறைத் தலைவர் ஆனேன், புலமுதல்வர் ஆனேன். சண்டையில் இருக்கும் இரண்டு தரப்பையும் உட்கார வைத்து முடித்துவைப்பேன் என்று பெயர் வந்தது. உண்மையில் நான் செய்தது ஒன்றுமில்லை. அந்தச் சின்ன அறையில் பழகிய மௌனத்தைக் கூட்ட அறைக்குக் கொண்டுபோனேன். எதிரில் இருப்பவர் பேசிப் பேசித் தன் பலவீனத்தைத் தானே கொட்டிவிடுவார். நான் அதை எடுத்துவைத்துக்கொள்வேன். கிளினிக்கில் அது அவர்களுக்கு உதவியது. கூட்ட அறையில் அது எனக்கு உதவியது. இந்த வித்தியாசம் அப்போது என் கண்ணில் படவில்லை. துணைவேந்தர் ஆனதும் கிளினிக்குக்குப் போவதை நிறுத்திவிட்டேன். நோட்டுகளை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினேன். நாங்கள் அப்போது ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோடு பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் குடியேறியிருந்தோம். கணவர் பேங்கிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார்.

துணைவேந்தரான இரண்டாவது வருஷம், இயற்பியல் துறையில் ஒரு உதவிப் பேராசிரியர் பணியிடம் வந்தது. தேர்வுக் குழுவுக்கு நான் தலைவர். பக்கத்தில் பதிவாளர், வெளியூரிலிருந்து வந்த ஒரு வயதான பேராசிரியர், இன்னும் இரண்டு பேர். ஐந்தாவதாக உள்ளே வந்தவர் அவர்.

என்னைப் பார்த்ததும் வாசலில் ஒரு கணம் நின்றார். பிறகு அவர் முகத்தில் வந்தது பயம் அல்ல, நிம்மதி. இன்றுவரை என்னால் தாங்க முடியாதது அதுதான். தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்ற நிம்மதி.

அந்த இடத்தில் நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. "இவரை எனக்குத் தெரியும், நான் இதில் உட்காரவில்லை" என்று எழுந்து போயிருக்க வேண்டும். எப்படித் தெரியும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் எழுந்தால் பதிவாளர் கேட்பார், ஏன் என்று பேச்சு வரும் என்றெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் பிரமாதமாகப் பேசினார். வெளியூர்ப் பேராசிரியர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்டார். நடுவில், "படிப்புல ஒரு வருஷம் இடைவெளி இருக்கே, என்னாச்சு?" என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். நான் என் முன்னால் இருந்த தாளைப் பார்த்தேன்.

"அப்பா தவறிட்டாங்க சார். கொஞ்ச நாள் என்னால படிக்க முடியல."

"அச்சச்சோ" என்றார் பேராசிரியர். அதோடு அந்தக் கேள்வி முடிந்தது.

எல்லோரும் வந்து போன பிறகு பேராசிரியர், "யோசிக்கவே வேண்டாம், அந்த அஞ்சாவது ஆளுக்கே போட்டுடலாம்" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். பதிவாளர் என் பக்கம் திரும்பினார்.

"மேடம் என்ன சொல்றீங்க? நீங்க சைக்காலஜிஸ்ட், ஆளைப் பாத்தாலே சொல்லிருவீங்களே."

அந்த வருஷம் எங்கள் விடுதியில் ஒரு பிரச்சினை நடந்திருந்தது. பெற்றோர்கள் நிர்வாகம் வரை போயிருந்தார்கள். புதிதாக வருகிற ஆசிரியருக்கு விடுதிப் பொறுப்பும் உண்டு. நாளைக்கு இவருக்குத் திரும்ப ஏதாவது வந்து, அது பேச்சாகி, துணைவேந்தருக்கு இது முன்பே தெரியும் என்று யாராவது கண்டுபிடித்துவிட்டால்? இவ்வளவும் என் தலைக்குள் ஒரு மூச்சு நேரத்தில் ஓடியது. ஒன்றில்கூட அவருடைய நன்மை இல்லை.

"நல்ல ஸ்காலர்தான்" என்றேன். "ஆனா விடுதிப் பொறுப்பும் சேந்து வருது. அழுத்தம் தாங்குவாரான்னு எனக்கு ஒரு சின்னத் தயக்கம்."

அவ்வளவுதான் சொன்னேன். எந்த ரகசியத்தையும் வெளியிடவில்லை. பேராசிரியர் என்னை ஒரு தரம் பார்த்தார்; "உங்களுக்குத் தெரியாததா" என்று பேனாவை எடுத்தார். தரவரிசையில் இரண்டாவதாக இருந்தவரின் பெயர் மேலே போயிற்று.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் சிலர் பையோடு நின்றிருந்தார்கள். நான் வேகமாகக் காரை நோக்கி நடந்தேன். பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"மேடம், ஒரு நிமிஷம்."

காதில் தெளிவாக விழுந்தது. திரும்பாமல் காரில் ஏறினேன். டிரைவர் கதவைச் சாத்தினார்.

அடுத்த ஐந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் நினைவு வந்ததாகக்கூடச் சொல்ல முடியாது. பிறகு பட்டமளிப்பு விழா வந்தது. மேடையில் அங்கி போட்டுக்கொண்டு உறுதிமொழி வாசித்துக்கொண்டிருந்தேன். சரியாக என் வலது தோளுக்குப் பின்னால், யாரோ ரெண்டடி தள்ளி நிற்கிற மாதிரி, "மேடம், ஒரு நிமிஷம்" என்று கேட்டது. நிறுத்திவிட்டுத் திரும்பினேன். பின்னால் திரைச்சீலைதான் இருந்தது. முன்னால் ஆயிரம் முகங்கள். மறுபடி வாசித்தேன். நான் உணர்ச்சிவசப்பட்டுவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். விழா முடிந்ததும் இரண்டு பேர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார்கள்.

அசதி என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் மீண்டும் வந்தது, அலுவலகப் படிக்கட்டில். பிறகு ரங்கா ரங்கா கோபுரத்துக்குப் பக்கத்தில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது, அத்தனை இரைச்சலுக்கு நடுவில், இரைச்சலுக்கு மேலே எழும்பாமல், ஆனால் தனியாக. கோபமோ கெஞ்சலோ அந்தக் குரலில் கிடையாது. ஒருவர் இன்னொருவரை மரியாதையாகக் கூப்பிடுகிற சாதாரணக் குரல். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் ஏமாந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ம், வரேன்" என்று எழுந்துவிட்டேன்.

கணவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "யாருக்கு வரேன்ங்கற?"

"வாசல்ல யாரோ கூப்பிட்டாங்களே."

"யாரும் கூப்பிடலையே."

"கூரியரா இருக்கும்னு நினைச்சேன்" என்று உட்கார்ந்து ரசம் ஊற்றிக்கொண்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

காவிரிப் பாலத்தில் நடந்ததுதான் என்னை உண்மையில் பயமுறுத்தியது. காலையில் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாலத்தின் நடுவில் வண்டிகள் நெருக்கியடித்து ஊர்ந்தன. கார்க் கண்ணாடி ஏற்றியிருந்தும் குரல் கேட்டது. டிரைவரிடம், "நிறுத்துங்க, யாரோ கூப்பிடறாங்க" என்று சொல்லிக் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். பின்னால் வந்த பஸ் ஹாரனை விடாமல் அடித்தது. நான் நின்றேன். அந்தக் கணத்தில் என் மனதில் இருந்தது ஒன்றே ஒன்று: இந்த முறை நின்றுவிட்டால் அவர் வந்து சேர்ந்துவிடுவார். அந்த வாக்கியத்தை யாரிடம் கேட்டேன் என்பது உடனே ஞாபகம் வந்தது. ஒரு மாணவி இதை எழுதிக் கொண்டுவந்திருந்தால், நோயாளியின் கதையைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள் என்று ஓரத்தில் குறித்திருப்பேன். டிரைவர் ஓடிவந்து, "அம்மா, ஏறுங்கம்மா, வண்டியெல்லாம் நிக்குது" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டுபோய் உட்கார வைத்தார்.

திருச்சியில் எந்த மனநல மருத்துவரிடமும் நான் போக முடியாது. எல்லோரும் தெரிந்தவர்கள், பாதிப் பேர் எங்கள் கருத்தரங்குகளுக்கு வந்தவர்கள். ஒரு சனிக்கிழமை கணவரிடம் ஏதோ கூட்டம் என்று சொல்லிவிட்டு மதுரைக்கு பஸ் ஏறினேன். கிளினிக்கில் வேறொரு பெயரைக் கொடுத்தேன். காத்திருக்கும் இடத்தில் முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, சுவரைப் பார்த்த நாற்காலியாகத் தேடி உட்கார்ந்தேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். "என்ன வேலைம்மா பாக்கறீங்க?" என்றார்.

"ஸ்கூல் டீச்சர்."

"அந்தக் குரல் யாரோடதுன்னு தெரியுதா?"

"தெரியல."

இருபது வருஷம் நான் கேட்ட கேள்வி. இப்படிப் பொய் சொல்கிறவர்களின் கண் எங்கே போகும் என்றும் எனக்குத் தெரியும். மேஜையில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அவரும் அதைக் கவனித்தார் என்றுதான் நினைக்கிறேன். மாத்திரை எழுதிக்கொண்டே, "ஸ்கூல்ல தெரிஞ்சிரும்னு பயப்படாதீங்க. இங்க பேசினது வெளிய போகாது" என்றார். என் தோள்கள் தளரவில்லை. அந்த வாக்குறுதியை நம்ப முடியாதவளாக நான் ஆகிவிட்டிருந்தேன். அதை அப்படி ஆக்கியவளும் நானேதான்.

திங்கட்கிழமை பதிவாளரிடம் அந்த இயற்பியல் நேர்காணல் ஃபைலைக் கேட்டேன்.

"எதுக்கு மேடம்? கேஸ் கீஸ் ஏதாவதா?"

"சும்மாதான்."

விண்ணப்பத்தில் இருந்த முகவரி ஸ்ரீரங்கம். உத்திர வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்து. இத்தனை நாளும் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் இருந்திருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். மாடிப்படியில் பிளஸ் டூ இயற்பியல் டியூஷன் என்று கையால் எழுதிய அட்டை. அவர்தான் கதவைத் திறந்தார். தலையில் கொஞ்சம் நரை வந்திருந்தது.

"மேடம்! நீங்களா? வாங்க, வாங்க." பெஞ்சில் கிடந்த நோட்டுகளை அவசரமாக ஒதுக்கி இடம் செய்தார். ஒரு சுவர் முழுக்கக் கரும்பலகை.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவரே பேசினார். "அன்னைக்கு இன்டர்வியூ முடிஞ்சு உங்களைக் கூப்பிட்டேன் மேடம். அவசரமாப் போயிட்டீங்க."

"காதுல விழுந்துச்சு" என்றேன்.

அவர் அதைக் கவனிக்கவில்லை. "நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன். அந்த சார் ஒரு வருஷ இடைவெளியைப் பத்திக் கேட்டப்ப எனக்கு உசுரே போயிருச்சு. நீங்க ஒரு வார்த்தை பேசல. வேலை கிடைக்காததுகூடப் பெருசாத் தெரியல மேடம். ஒருத்தர் வாக்குக் குடுத்தா இப்படிக் காப்பாத்தணும்னு நினைச்சுக்கிட்டேன். கல்யாணம் நிச்சயமாகியிருந்துச்சு, அதையும் உங்ககிட்ட சொல்லணும்னு இருந்துச்சு."

நான் வாயைத் திறந்தபோது உள்ளேயிருந்து அவர் மனைவி காபியோடு வந்தார்.

"எங்க ப்ரொஃபசர்" என்றார் அவர், என்னைக் காட்டி.

அந்த நொடியில் புரிந்தது. மனைவிக்கு எதுவும் தெரியாது. நான் அவருடைய பேராசிரியராக உட்கார்ந்து காபி குடித்தேன். அந்தப் பெண் வாசல்நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு, "இவர் எப்படிப் படிப்பாரு மேடம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ரொம்ப நல்லாப் படிப்பார்."

"அப்புறம் ஏன் மேடம் வேலையே அமைய மாட்டேங்குது? எங்க போனாலும் கடைசில வேற ஆளைப் போட்டுடறாங்க. உங்க பக்கம் ஏதாவது இருந்தாச் சொல்லுங்களேன்."

"இரும்மா, வந்த உடனேயா" என்று அவர் மனைவியைத் தடுத்தார். அந்தப் பெண் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சமையலறையில் குழாய்ச் சத்தம் கேட்ட பிறகு நான் சொன்னேன். சொல்லாமல் திரும்பிவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது உண்மை. அவருடைய நன்றியோடேயே போய்விடலாம். ஆனால் சொன்னேன். பதிவாளர் கேட்டதையும் நான் பதில் சொன்ன வரியையும் ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னேன்.

அவர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். மெதுவான குரலில், குழாய்ச் சத்தத்துக்குள் அடங்குகிற மாதிரி கேட்டார்.

"தில்லை நகர்ல நான் வந்து பேசினப்பவே உங்களுக்கு என்னைப் பாத்துப் பயமா இருந்துச்சா மேடம்?"

"இல்ல. சத்தியமா இல்ல. அப்ப ஒரு நாளும் இல்ல."

"பின்ன?"

"இந்தப் பதவிக்கு வந்த அப்புறம்தான்."

தலையை ஆட்டினார், ஏதோ கணக்குக்கு விடை சரியாக வந்துவிட்ட மாதிரி. எனக்கு இப்போது அவருடைய குரல் கேட்கிறது என்பதை நான் சொல்லவில்லை. அதையும் அவர் மேல் போடுவதற்கு எனக்கு என்ன உரிமை? குழாய் நின்றது.

"அப்ப எழுதி வச்சீங்களே, ஒரு நோட்டு. அது இருக்கா?"

"வீட்ல இருக்கு."

"அது எனக்கு வேணும்."

மறுநாள் காலை அம்மா மண்டபத்துக்கு எதிரில் வரச்சொன்னேன். சைக்கிளில் வந்தார். பிரவுன் காகிதத்தில் சுற்றிய நோட்டைக் கொடுத்தேன். பிரித்தார். முதல் பக்கத்தில் இரண்டு வரி படித்தார், மூடினார்.

"காப்பி ஏதாவது இருக்கா?"

"இல்ல."

"நம்பறேன்னு சொல்ல முடியல மேடம். ஆனா வாங்கிக்கறேன்." பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். "இனிமே வீட்டுக்கு வராதீங்க. அவளுக்கு நான் சொல்லணும்னா நானே சொல்லிக்கறேன்."

"சரி" என்றேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கொஞ்ச தூரம் போய், பிறகு ஏறினார்.

சொல்லிவிட்டதால் குரல் நின்றுவிடவில்லை. வாரத்துக்கு ஒன்று என்பது மாதத்துக்கு ஒன்றாயிற்று. அது மாத்திரையால் என்றே நினைக்கிறேன். பதவிக்காலம் முடிந்தபோது நீட்டிப்புக் கொடுக்கிறோம் என்றார்கள். உடம்பு முடியவில்லை என்று மறுத்துவிட்டேன். அந்த வாரம்தான் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை, அந்த மனிதர், குரல், மதுரை.

"அன்னைக்குச் சாப்பிடறப்ப எந்திரிச்சியே…?"

"ஆமா."

"வேற பேர்லயா போயிட்டு வந்த?" என்றார். அதுதான் அவரைச் சுட்டிருக்கிறது. அடுத்த தடவை மதுரைக்கு அவரும் வந்தார். டாக்டரிடம் என் பெயரையும் நான் பார்த்த வேலையையும் சொன்னேன். டாக்டர் அட்டையில் பழைய பெயரை அடித்துவிட்டுப் புதியதை எழுதினார். ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

உத்திர வீதி வழியாகப் போவதை நிறுத்தினேன். கோயிலுக்குப் போனாலும் சுற்றிக்கொண்டுதான் போனேன். அவர் மனைவி எதிரில் வந்து, ஏதாவது வேலை இருக்கிறதா மேடம் என்று கேட்டுவிடுவாரோ என்று பயம்.

போன மாதம் பழைய பதிவாளர் போன் செய்தார். ஒரு விழாவுக்கு நான் தலைமை தாங்க வேண்டுமாம். பேச்சுவாக்கில் சொன்னார்: "ஞாபகம் இருக்கா மேடம், இயற்பியல் இன்டர்வியூல நீங்க வேண்டாம்னு சொன்னீங்களே ஒருத்தரு. கோயம்புத்தூர் பக்கம் ஒரு காலேஜ்ல இருக்காராம். எங்க மச்சான் பொண்ணு அங்கதான் படிக்குது. அவர் கிளாஸ்னா பசங்க இடம் பிடிச்சு உக்காருதுங்களாம்."

அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதியில் எத்தனை பங்கு அவருக்காக, எத்தனை பங்கு எனக்காக என்று பிரித்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"நீங்க வேண்டாம்னு சொன்னா அதுல ஒரு காரணம் இருக்கும்னு அன்னைக்கு விட்டுட்டோம்" என்றார் பதிவாளர். "அப்படி என்ன மேடம் பாத்தீங்க அவர்கிட்ட?"

"அவர்கிட்ட ஒண்ணும் இல்ல சார். பயம்தான்."

"அவருக்கா?"

"எனக்கு."

அவருக்குப் புரியவில்லை. "சரிங்க மேடம், வெள்ளிக்கிழமை வசதிப்படுமா, சனிக்கிழமை வச்சுக்கலாமா?" என்று கேட்டார்.